அப்பா சாயக் கூடாது

லாரித் தொழிலில் முதல் கம்பெனி என்பது முதல் கல்யாணம் மாதிரி. ஒரு வருஷம் முடிவதற்குள் வெளியே வந்துவிட்டால், அங்கே என்ன கொடுமை நடந்தது என்று ஒருவனும் கேட்க மாட்டான். உன்னிடம் என்ன குறை என்றுதான் கேட்பான். முதல் வருஷத்தை ஒரே இடத்தில் முழுசாக ஓட்டி முடித்தேன் என்று காட்ட முடியாத டிரைவரை வேறு எந்த முதலாளியும் சேர்ப்பதில்லை. ஏன் என்று கேட்டால், இன்ஷூரன்ஸ்காரன் விடமாட்டேன் என்கிறான் என்பார்கள். இன்ஷூரன்ஸ்காரனைக் கேட்டால், முதலாளிகள் விரும்புவதில்லை என்பான். இப்படி ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு ஊருக்கு நல்லது செய்துகொண்டிருக்கிறார்கள்.

நம்மாளுக்கு இது தெரியும். தெரிந்தேதான் மாட்டினான்.

அதுவரை ஒரு டைல்ஸ் கடையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவன், முப்பது வயதுக்கு மேல் புத்தி வந்து லாரி ஓட்டும் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தான். பள்ளியில் ஒரே ஒரு லாரி. அதில் முதல் கியரும் ரிவர்ஸும் மட்டும்தான் விழும். அதனால் அந்தப் பள்ளியில் படித்தவர்கள் பின்னால் போவதில் புலிகள். முன்னால் போவதெல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகு தானாக வந்துவிடும் என்பது பள்ளி முதல்வரின் கல்விக் கொள்கை.

நம்மாளின் அப்பா மூட்டை தூக்கியவர். சிமெண்டு கிடங்கில் லாரி லாரியாக ஏற்றி இறக்கி, கடைசியில் அந்தச் சிமெண்டில் ஒரு பங்கை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டார். இந்த வருஷம் தாண்டினால் பெரிசு என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து மாத்திரையைப் பற்றியெல்லாம் கிழவர் கவலைப்படவில்லை. அவருக்கு ஒரே ஒரு ஆசை.

"ஆயுசு பூரா லாரியிலதான்டா போனேன். ஆனா மூட்டை மேல. முன் சீட்டு மனுசனுக்கு, பின்பக்கம் மூட்டைக்கு. நாங்க மூட்டை கணக்குல. பின்னாடி பாத்தே உக்காந்துருப்போம், ரோடு நம்மள விட்டுட்டு ஓடிக்கிட்டே இருக்கும். டிரைவர் பக்கத்துல உக்காந்து, அந்தக் கண்ணாடி வழியா, ரோடு நம்மளத் தேடி வர்றத ஒரு தடவை பாத்துடணும். நீ ஓட்டணும், நான் பாக்கணும். அவ்வளவுதான்."

கம்பெனிகள் ஆள் எடுக்க வரும் நாளன்று காலை, மனைவி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள்.

"என்னங்க, சம்பளம் எவ்வளவு, லீவு எவ்வளவுன்னு எதையும் நோண்டிக்கிட்டு நிக்காதீங்க. மாமாவ ஒரு தடவை வண்டியில ஏத்திக்கலாமான்னு மட்டும் கேளுங்க. யாரு சரின்னு சொல்றாங்களோ அங்க கையெழுத்தப் போட்டுட்டு வாங்க."

பள்ளிக் கொட்டகையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். முதல்வர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"மாணவர்களே! இன்று உங்களைத் தேடி மூன்று நிறுவனங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவதாக உங்களுக்குத் தோன்றும். பயப்பட வேண்டாம், அது இந்த வயதில் இயற்கை. சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். இதுவரை இங்கிருந்து போன மாணவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து எங்களிடம் புகார் சொன்னதில்லை. சொல்ல அவர்களுக்கு நேரம் கிடைத்ததில்லை என்பதை நான் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கை தட்டினார்கள். நம்மாளும் தட்டினான்.

முதல் மேசையில் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் கிரீஸ். மூன்று லாரி வைத்திருப்பவர் என்பதால் எல்லோரும் அவரை மூணு லாரிக்காரர் என்றே சொல்வார்கள். நம்மாள் தன் ஒரே கேள்வியைக் கேட்டான்.

"ஏத்தக் கூடாது" என்றார் அவர். "வெளியாளு உக்காந்து ஏதாவது ஆயிட்டா இன்ஷூரன்ஸ் கிடையாது. ஞாயித்துக்கிழமை லீவு தர்றேன். போயி அப்பாகூட உக்காந்து பேசு. லாரியில என்ன இருக்கு?"

உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்பார்கள். நம்மாளுக்கு எரிந்தது. சாகக் கிடக்கிற மனுஷனைப் பற்றிச் சொல்கிறேன், லாரியில் என்ன இருக்கு என்கிறானே, இவனெல்லாம் மனுஷனா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தான்.

இரண்டாவது மேசையில் கோட்டு போட்ட ஒருவர் சின்னக் கருவி ஒன்றைக் கையில் வைத்திருந்தார். வண்டிக்குள் அதைப் பொருத்துவார்களாம். "கண்ணு சொக்கினா எங்களுக்குத் தெரியும். கொட்டாவி விட்டா தெரியும். முதலாளியப் பத்தி மனசுல என்ன நினைக்கிறீங்கன்னு மட்டும்தான் இன்னும் தெரியல. அடுத்த வருஷம் அதுவும் வந்துடும்" என்றார். அப்பாவை ஏற்றலாமா என்றதற்கு, "தாராளமா. ஆனா அவரும் கொட்டாவி விடக் கூடாது" என்றார்.

மூன்றாவது மேசைக்கு மேலே 'ஒரே குடும்பம்' என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கம்பெனியின் பெயரே அதுதான். அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஆள் எடுக்கும் அதிகாரி. நம்மாள் பாதி சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மேசை மேல் அதற்காகவே கைக்குட்டைப் பெட்டி இருந்தது. தான் ஒன்று எடுத்துக்கொண்டு அவனுக்கும் ஒன்று கொடுத்தாள்.

"இதையெல்லாம் கேக்கணுமாண்ணா? தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. அப்பாவுக்கு இடமில்லாத வண்டி ஒரு வண்டியா? மத்தவங்ககிட்ட நீங்க வேலைக்காரன். எங்ககிட்ட நீங்க பிள்ளை."

நம்மாள் தேம்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டான். சும்மா சொல்லக் கூடாது, அவளும் நன்றாகவே தேம்பினாள். அடுத்து நின்றவன் தன் அம்மாவைப் பற்றி ஆரம்பித்ததும் புதுக் கைக்குட்டை எடுத்தாள்.

வீட்டில் கிழவர் அன்றே சட்டையைத் தேய்த்து வைக்கச் சொல்லிவிட்டார்.

சேர்ந்த அன்று முறை சொல்லிக் கொடுத்தார்கள். வேலை முறை அல்ல, உறவு முறை. ஆள் எடுத்த அந்தப் பெண்ணை இனி அம்மா என்று கூப்பிட வேண்டும். யாருக்கு எந்த லோடு என்று பிரித்துக் கொடுப்பவர் மாமா. பட்டறை மெக்கானிக் சித்தப்பா. யார் எங்கே நிற்கிறான், யார் என்ன பேசுகிறான் என்று வேவு பார்க்கும் பிரிவுக்கு அத்தை என்று பெயர். அத்தை பெரிய மீசை வைத்திருந்தார், புல்லட்டில் வருவார். முதலாளியை அப்பா என்று அழைக்க வேண்டும். அப்பாவுக்கு வயது இருபத்தெட்டு. ஐம்பது வயது டிரைவர் ஒருவர் அவர் முன்னால் கை கட்டி நின்று, "அப்பா, பிரேக் பிடிக்க மாட்டேங்குதுப்பா" என்று கெஞ்சுவதை நம்மாள் முதல் நாளே பார்த்தான்.

புதுப் பிள்ளைகளுக்கு அப்பா உரை நிகழ்த்தினார்.

"பிள்ளைகளா! இது கம்பெனி இல்ல, குடும்பம். சொந்த வீட்ல வேலை செய்யறவன் மணி பாப்பானா? சோறு போடற அம்மா பில்லு நீட்டுவாளா? அப்ப நீங்க மட்டும் ஏன் கூலி, படின்னு வெளியாள் பேச்சுப் பேசணும்? கேக்கும்போது எனக்கு மனசு வலிக்குது. போன மாசம் ஒரு பிள்ளைக்குக் கால் போச்சு. நான் சாப்பிடல. அம்மாவக் கேட்டுப் பாருங்க, ஒரு வேளை சாப்பிடல. அவனுக்கு வேற என்ன வேணும் சொல்லுங்க? இந்தக் கம்பெனிய ஆரம்பிச்சது எங்கப்பா. அவரை மலை மேல ஒரு முதியோர் இல்லத்துல விட்டிருக்கேன். போய்ப் பாத்து ரெண்டு வருஷமாச்சு. ஏன்? உங்களுக்காக! இத்தனை பிள்ளைகள வெச்சுக்கிட்டு ஒரு அப்பாவைப் பாக்க எனக்கு நேரம் ஏது?"

கொட்டகை அதிரக் கை தட்டினார்கள். நம்மாளுக்கு மட்டும் கை கொஞ்சம் தாமதமாக எழுந்தது.

புதிதாக வந்தவனுக்குக் கைக்குழந்தை என்று பெயர். கைக்குழந்தை வண்டி ஓட்டாது. அண்ணன் எனப்படும் பழைய டிரைவரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும், லோடு இறக்கும், அண்ணன் தூங்கும்போது விசிறும். அப்பாவை எப்போது கூட்டி வரலாம் என்று நம்மாள் அம்மாவைக் கேட்டான். "இப்ப அந்த சீட்ல நீங்கதானே உக்காந்திருக்கீங்க. உங்க மடியில உக்காருவாரா?" என்று அம்மா அன்பாகக் கேட்டாள். நியாயம்தானே என்று நம்மாள் வீட்டில் போய்ச் சொன்னான். கிழவர் தேய்த்த சட்டையைக் கொடியில் மாட்டச் சொன்னார். அவர் மூச்சு விடும் சத்தம் இப்போதெல்லாம் அடுத்த வீட்டுக்காரிக்குக் கேட்டது.

கைக்குழந்தை தவழும் பிள்ளையாகி, தவழும் பிள்ளை நடக்கும் பிள்ளையாவதற்குள் வருஷத்தில் பாதி போய்விட்டது. ஒருவழியாக நம்மாளுக்குத் தனி வண்டி கொடுத்தார்கள். குளித்து முழுகி, சாவியை வாங்கிக்கொண்டு, கதவைத் திறந்து ஏறினான்.

பக்கத்து சீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

ஃபைபரில் செய்த சிலை. ஆள் அளவு. ஒரு கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தபடி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இருபத்தெட்டு வயது முதலாளிக்குச் சிலையில் தலை முழுக்க நரைத்திருந்தது. மரியாதைக்காக அப்படிச் செய்ததாம். ஒவ்வொரு வண்டியிலும் ஒன்று வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வழி தவறாமல் இருக்க அப்பா கூடவே வருகிறாராம்.

அதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. வண்டி எடுக்குமுன் அப்பாவுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். முகத்தில் தூசி இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அப்பா சாயக் கூடாது. பள்ளத்தில் வண்டி இறங்கினால் ஒரு பக்கமாகச் சாய்வார். உடனே நிறுத்தி நிமிர்த்தி வைக்க வேண்டும். கண்ணாடிக்கு மேல் ஒரு கேமரா அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். டிரைவர் சாய்ந்தால் அந்தக் கேமராவுக்குத் தெரியாது.

நம்மாள் நேராக மாமாவிடம் போனான்.

"மாமா, எங்கப்பாவக் கூட்டிட்டுப் போலாம்னு அம்மா வாக்குக் குடுத்தாங்க."

"குடுத்தது உண்மைதான். நாங்க வாக்கு மாறுறவங்களா? இப்பவும் சொல்றேன், தாராளமாக் கூட்டிட்டுப் போ. சீட்டு காலியா இருந்தா."

"சீட்டு எப்ப மாமா காலியாகும்?"

"அப்பா எழுந்துக்கிட்டா" என்றார் மாமா, சிரிக்காமல். பிறகு மனசு இளகி ஒரு வழியும் சொன்னார். "வேணும்னா பின்னாடி மூட்டை மேல உக்காரட்டுமே. அவருக்குப் பழக்கம்தான்னு நீயே சொன்னியாமே."

நம்மாள் வண்டிக்குத் திரும்பினான். வாயைத் திறந்தால் வேலை போய்விடும், வேலை போனால் வருஷம் முழுசாகாது, முழுசாகாவிட்டால் ஆயுசுக்கும் ஸ்டியரிங் கிடையாது. வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தான். பள்ளத்துக்குப் பள்ளம் நிறுத்தி, அந்தச் சிலையை நிமிர்த்தினான், முகம் துடைத்தான். சொந்த அப்பாவைப் படுக்கையில் நிமிர்த்தி உட்கார வைப்பது வீட்டில் அவன் மனைவியின் வேலையாக இருந்தது.

கிழவருக்கு நாள் நெருங்க நெருங்க, இனி தாங்காது வீட்டுக்கு வா என்று மனைவி போன் மேல் போன் போட்டாள். ஒரே ஒரு நாள் லீவு கேட்டு மாமாவிடம் போய் நின்றான்.

"அப்பாவுக்கு ரொம்ப முடியல மாமா."

மாமா ஜன்னல் வழியாக நம்மாளின் வண்டியை எட்டிப் பார்த்தார். "காலையில பாத்தேனே, நல்லாத்தானே சிரிச்சுக்கிட்டு இருந்தார்?"

பக்கத்தில் நின்ற சித்தப்பாவும் பார்த்துவிட்டு, ஆமாம், குத்துக்கல்லாட்டம் இருக்கார் என்றார்.

அன்றைக்குத்தான் நம்மாளுக்குள் ஏதோ அறுந்தது. மறுநாள் அவனுக்கு விழுந்த லோடு ஊர்ப் பக்கத்து பைபாஸ் வழியாகப் போவது. மனைவிக்கு போன் போட்டான்.

"டயர் கடைப் பக்கமா அப்பாவ அழைச்சுக்கிட்டு வந்து நில்லு. ஒரு நாற்காலியும் எடுத்துக்க."

அவள் வாடகை வண்டி பிடித்து வந்து நின்றாள். கிழவர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. நம்மாள் லாரியை ஓரங்கட்டி, சிலையின் பெல்ட்டைக் கழற்றி இறக்கினான். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு, ஒரு கையால் தூக்கிவிடலாம். அப்பாவை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் சிலையை வைத்தான். பிறகு அப்பாவைத் தூக்கினான். அவரும் அந்தச் சிலை கனம்தான் இருந்தார்.

"டேய், இடுப்பு வளையாம, முட்டிய மடக்கித் தூக்குடா. மூட்டைய இப்படித் தூக்கினா ஒரே வருஷத்துல முதுகு போயிடும்" என்று அந்த மூச்சிலும் அவர் தொழில் சொன்னார்.

கேபினில் ரெண்டே சீட்டு. மனைவி கீழேயே நின்றாள். "நீங்க போயிட்டு வாங்க. நான் இந்த ஆளப் பாத்துக்கறேன்" என்று சிலையைக் காட்டினாள்.

வண்டி கிளம்பியது. கிழவர் இரண்டு கையாலும் முன் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்தார்.

"வருதுடா" என்றார் திடீரென்று. "ரோடு வருதுடா! நம்மளப் பாத்து வருது!"

"வருதுப்பா."

"நாலு தலைமுறைக்கு மூட்டை தூக்கினாலும் இது தெரியாதுடா. ஏன்டா, எதுக்கு எந்நேரமும் கிளட்ச்சு மேலயே கால வெச்சுக்கிட்டு இருக்கே? தேஞ்சு போயிடும், எடு காலை. உனக்கெல்லாம் எவன்டா லைசென்சு குடுத்தான்?"

நம்மாள் காலை எடுத்தான். கிழவர் சிரித்தார். இருமலே இல்லாமல், வாய் நிறைய, பல் இல்லாத ஈறு அத்தனையும் தெரியச் சிரித்தார். கண்ணாடிக்கு மேலிருந்த கேமரா அதை நன்றாகப் பார்த்துக்கொண்டது. டோல்கேட்டுக்கு முன்னால் திருப்பிக்கொண்டு டயர் கடைக்கு வரும்வரை அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. நம்மாள் அழுதுகொண்டே ஓட்டினான். ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷத்தில் அழுதான்.

இதற்கிடையில் கம்பெனியில் அபாய மணி அடித்துவிட்டது. இந்த வண்டியில் அப்பாவைக் காணோம். அத்தை புல்லட்டை உதைத்துக்கொண்டு பறந்து வந்தார். டயர் கடை ஓரத்தில் நம்மாளின் மனைவி குடை பிடித்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் நாற்காலியில் அப்பா மொட்டை வெயிலில் சிரித்துக்கொண்டிருந்தார். தூக்கிய கையில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

"அடிப்பாவி!" என்று அலறினார் அத்தை. "வயசான மனுஷன வெயில்ல உக்கார வெச்சுட்டு நீ குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறியா? நீயெல்லாம் ஒரு மருமகளா?"

"பொம்மைக்கு எதுக்குங்க குடை?"

"பொம்மையா!" அத்தைக்கு மீசை துடித்தது. "தண்ணியாவது குடுத்தியா?"

அத்தை தன் கைக்குட்டையால் சிலையின் கையைத் துடைத்துவிட்டு, லாரி திரும்பி வரும்வரை அந்தக் குடையைப் பிடுங்கிச் சிலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் குடும்பப் பஞ்சாயத்து கூடியது. அப்பா, அம்மா, மாமா, அத்தை எல்லோரும் ஒரு பக்கம். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் சிலைக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். இறக்கும்போது அதன் மூக்கில் ஒரு கீறல் விழுந்திருந்தது, அதற்குப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். நம்மாள் எதிரே நின்றான்.

மாமா விசாரித்தார். "வண்டியில உக்காந்து போன ஆளு யாரு?"

"எங்கப்பா."

"அப்பா இங்க இருக்கார். அந்த ஆளு யாருன்னு கேட்டேன்."

"என்னப் பெத்தவர், மாமா."

"பாத்தியா, வெளியாள்னு நீயே ஒத்துக்கற" என்றார் மாமா.

அம்மா கைக்குட்டையை எடுத்தாள். "பெத்தா மட்டும் போதுமா? உனக்கு வண்டி குடுத்தது யாரு, டீசல் போட்டது யாரு? உங்க வீட்டு ஆளு உனக்கு ஒரு டயராவது வாங்கிக் குடுத்திருக்காரா?"

கடைசியில் அப்பா எழுந்தார். குரல் தழுதழுத்தது.

"என்னை நாற்காலியில வெச்சு நடுரோட்ல விட்டுட்டுப் போன முதல் பிள்ளை நீதான். பெத்தவர வீட்டை விட்டு வெளிய தள்றவங்கள எனக்குப் பிடிக்காது. எங்கப்பாவ நான் அந்த இல்லத்துல விட்டப்பக்கூட, கார்லதான் கூட்டிட்டுப் போனேன். நல்ல நிழலா பாத்துத்தான் இறக்கினேன். உன்னை மன்னிக்க எனக்கு ஆசைதான். ஆனா உன்னை மன்னிச்சா, மத்த பிள்ளைங்களும் அப்பா அம்மாவ வண்டியில ஏத்த ஆரம்பிச்சுடுவாங்க. குடும்பம் என்ன ஆகும்? யோசிச்சுப் பாரு."

வருஷம் முடியக் கொஞ்ச நாளே பாக்கி இருக்கிறது, அதை மட்டும் முடித்துக்கொள்கிறேன் என்று நம்மாள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். தெரியும், அதனால்தான் இன்றைக்கே அனுப்புகிறோம் என்றார் மாமா. உறவு அறுந்தது என்று அறிவித்தார்கள். வெளியே போகும் முன் சிலையிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்டான். கேட்டால் மனசு மாறுவார்களோ என்றுதான் கேட்டான். மாறவில்லை.

மூணு லாரிக்காரரிடம் போனான். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். "எனக்கு உன்னைச் சேத்துக்க ஆசைதான்ப்பா. இன்ஷூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான். அன்னைக்கே வந்திருந்தா ஞாயித்துக்கிழமை எல்லாம் உனக்கும் அப்பாவுக்கும்தான் இருந்திருக்கும்" என்றார். குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். நம்மாள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான். அப்புறம் எங்கே போவது? சிமெண்டுக் கிடங்குக்குத்தான் போனான். இன்னாரின் மகன் என்றதும் அங்கே உடனே சேர்த்துக்கொண்டார்கள். அங்கே முதல் வருஷம், இரண்டாம் வருஷம் என்று எவனும் கேட்கவில்லை. இடுப்பு வளையாமல், முட்டியை மடக்கித் தூக்கினான்.

வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தார்கள். வண்டியில் ஏற்றியதால்தான் வேலை போனது என்று கிழவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த ஒரு சவாரியும் அவருக்கு விஷமாகிவிடும். வேலை பிடிக்கவில்லை, நானே விட்டுவிட்டேன் என்று நம்மாள் சொன்னான்.

"பிடிக்கலையா? ஸ்டியரிங்க விட்டுட்டு வந்து மூட்டை தூக்குறியா? எனக்குப் போயி இப்படி ஒரு அறிவுகெட்டவன் பொறந்தானே!" என்று கிழவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேச்சையும் நிறுத்திவிட்டார்.

பள்ளியில் அடுத்த அணி படித்து முடித்தது. ஒரு நாள் காலையில் ஊர்ச் சுவரெல்லாம் புதுச் சுவரொட்டி. அதில் நம்மாளின் அப்பா. லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து, முன் பலகையைப் பிடித்துக்கொண்டு, ஈறு தெரியச் சிரிக்கிறார். கேமரா பிடித்த படம்தான். தலைக்கு மேலே 'எங்கள் குடும்பத்தில் அப்பாவுக்கு எப்போதும் முன் சீட்டு' என்று போட்டிருந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே கொட்டை எழுத்தில் 'ஆட்கள் தேவை', அதற்குக் கீழே கம்பெனியின் போன் நம்பர்.

மனைவி ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்து புருஷன் முன்னால் போட்டாள். "மனுஷங்களா இவனுங்க! வாங்க, போயி கேப்போம். ஒரு கல்லாவது விட்டெறிஞ்சுட்டு வருவோம்" என்று அவள் கத்தியதில் கிழவர் விழித்துக்கொண்டார். கை நீட்டி அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னைப் போட்டிருக்காங்கடா!" என்றார். பல நாளைக்கப்புறம் மகனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. "ஊர் பூராவா ஒட்டியிருக்காங்க? மூட்டை தூக்கினவனை முன் சீட்ல வெச்சு, ஊரறியப் படம் போட்டிருக்காங்களே, எப்பேர்ப்பட்ட மனுஷங்கடா! இந்த இடத்தையா நீ விட்டுட்டு வந்தே, மடையா!"

நம்மாள் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கல்லை மறந்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

படத்தைக் கட்டிலுக்கு எதிரே ஒட்டச் சொன்னார் கிழவர். எழுத்தை மட்டும் வெட்டிவிட்டு ஒட்டலாம் என்று நம்மாள் கத்தரிக்கோலை எடுத்துப் பார்த்தான். எழுத்து நெஞ்சில் இருந்தது. வெட்டினால் தலை மட்டும்தான் மிஞ்சும். அப்படியே ஒட்டினான்.

அதன்பிறகு யார் வந்தாலும் கிழவர் விரலை நீட்டி அதைத்தான் காட்டினார். அடுத்த வீட்டுக்காரியின் மகன் அந்த வாரம்தான் அதே பள்ளியில் லைசென்ஸ் வாங்கியிருந்தான். ஆஸ்துமாக்கார அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டியவன். எந்தக் கம்பெனியில் சேரலாம் என்று யோசனை கேட்க வந்து நின்றான்.

"யோசிக்க என்னடா இருக்கு?" கிழவர் எழுந்து உட்கார முயன்றார். "இவங்ககிட்டப் போ. என் பேரைச் சொல்லு. உங்கம்மாவையும் முன்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போலாம். ரோடு எப்படி வருதுன்னு அவளும் பாக்கட்டும்."

பையன் சுவரொட்டியைப் பார்த்தான், பிறகு நம்மாளைப் பார்த்தான். "அண்ணே, நீங்க அங்க இருந்தவராச்சே. நெசமாவே நல்ல கம்பெனிதானா?"

கிழவரும் மகனைப் பார்த்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. முகத்தில் அந்தச் சிரிப்பு பாதி வந்து நின்றிருந்தது, பதிலுக்காகக் காத்திருந்தது.

"நல்ல கம்பெனிதான்" என்றான் நம்மாள்.

"கேட்டியா? அவன் வாயாலயே சொல்லிட்டான்" என்றார் கிழவர்.

பையன் போனை எடுத்து அந்த நம்பரை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டிக்கொண்டே வாசலுக்குப் போனான். மணி ஒரு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். வாசலில் அவன் தன் அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்குவது உள்ளே கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவன் குரல் கம்மியது.

கிழவர் திருப்தியாகத் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"டேய், படம் ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு பாரு" என்றார். "நேரா வையி."

நம்மாள் எழுந்து போய் நிமிர்த்தி வைத்தான்.